மகா மச்சமும் அம்மம்மாவின் இருக்கையும்

(திருகோணமலையில் பங்கு மக்களுக்கும் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பேரன்புக்குரிய ஆயர் ஆண்டகை அவர்களே, பங்குத் தந்தை அவர்களே, மெதடிஸ்த திருச்சபையின் போதகர் ஐயா அவர்களே, எங்கள் அழைப்பை மதித்து முன்வரிசையில் வீற்றிருக்கும் சிவாச்சாரியார் அவர்களே, மௌலவி அவர்களே, கல்வி வலயத்திலிருந்து வருகை தந்துள்ள பணிப்பாளர் அம்மையார் அவர்களே, அதிபர்களே, அருட்சகோதரிகளே, வெயிலையும் பாராமல் சாம்பல்தீவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். எவரையேனும் விளிக்கத் தவறியிருந்தால் அது முதுமையின் மறதியே அன்றி மரியாதைக் குறைவு அன்று.

படைப்பு பற்றிய நம் விசுவாசமும் இன்றைய விஞ்ஞானமும் ஒத்துப்போகுமா என்பதே எனக்குத் தரப்பட்ட பொருள். மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணியிருக்கிறேன். தொடக்கநூல் உண்மையில் என்ன சொல்கிறது என்பது முதலாவது. விஞ்ஞானம் எதைக் கண்டுபிடித்தது, அதில் நம்மவர் பங்கு என்ன என்பது இரண்டாவது. ஆதாம் ஒரு தனி மனிதரா, அப்படி இல்லையென்றால் பிறவிப் பாவத்தை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பது மூன்றாவது. இம்மூன்றுக்கும் பொதுவாக ஒரு பழமொழியைக் கையில் வைத்திருக்கிறேன்: ஆழமறியாமல் காலை விடாதே. உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றின் கரையில் வாழும் நமக்கு இதை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கத்தோலிக்கர் தொடக்கநூல் என்றும் மற்றச் சபையினர் ஆதியாகமம் என்றும் அழைக்கும் அந்த நூலைத் திறந்து பாருங்கள். முதல் அதிகாரத்தில் மரம் செடிகளும் விலங்குகளும் படைக்கப்பட்ட பின்னரே மனிதர் வருகின்றனர். இரண்டாம் அதிகாரத்திலோ முதலில் மனிதன் உருவாக்கப்படுகிறான், அதற்குப் பிறகுதான் தோட்டம் நடப்படுகிறது. ஒளி முதல் நாளிலேயே தோன்றிவிட, சூரியன் நான்காம் நாளில்தான் வருகிறது. இதைத் தொகுத்தவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படவில்லை என்று எண்ணுவது அவர்களை அவமதிப்பதாகும். தெரிந்தே இரண்டையும் அருகருகே வைத்தார்கள் என்றால், நாட்குறிப்பு எழுதுவது அவர்களது நோக்கமாக இருந்திருக்க முடியாது. சூரியனையும் சந்திரனையும் பெயர் சொல்லாமல் ‘பெரிய ஒளி, சிறிய ஒளி’ என்று மட்டும் அந்நூல் குறிப்பிடுவதைக் கவனியுங்கள். அயல்நாட்டார் தெய்வமாக வணங்கியவற்றை அது வெறும் விளக்குகளாக்கி வானில் தொங்கவிடுகிறது. அதற்கு வேண்டியது விடை, ‘யார்’ என்ற கேள்விக்கு. ‘எப்படி’ என்ற கேள்வியை அது எழுப்பவே இல்லை.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்க ஆயரான புனித அகுஸ்தீனார் தொடக்கநூலுக்கு எழுதிய விளக்கத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. வானம், பூமி, கோள்கள் பற்றி நன்கறிந்த ஒரு பிறசமயத்தவரிடம் கிறிஸ்தவர் ஒருவர் மறைநூலைக் காட்டி அபத்தம் பேசினால், அந்த மனிதர் உயிர்ப்பைப் பற்றி நாம் சொல்வதை மட்டும் எப்படி நம்புவார் என்று அவர் கேட்கிறார். ஆழமறியாமல் காலை விடாதே என்பதை ஆப்பிரிக்கக் கரையிலும் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது ஒரு கதை. பணிப்பாளர் அம்மையார் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது, இருந்தாலும் இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

நான் பத்து வயதுப் பையனாக இருந்தபோது, எப்போதோ கரையொதுங்கி மண்ணுக்குள் புதைந்துபோன திமிங்கிலம் ஒன்றின் முள்ளந்தண்டு எலும்பைக் கரைவலைக்குப் போன என் மாமா மாட்டுவண்டியில் ஏற்றி வந்தார். ஒரே ஓர் எலும்புதான், ஆனால் இரண்டு பிள்ளைகள் அதன்மேல் அமரலாம். அம்மம்மா அதைக் கிணற்றடியில் போட்டு, மீன் வெட்டும்போது உட்காரும் இருக்கையாக்கிக்கொண்டார். ஒரு ஞாயிறு மாலை வீட்டுக்கு வந்த உபதேசியார் அதைக் கண்டு, ‘யோனாவை விழுங்கிய மீனின் சாதி இது’ என்றார். மாமாவின் நண்பரான விஞ்ஞான ஆசிரியரும் அப்போது அங்கே இருந்தார். ‘இது மீனே இல்லை, நுரையீரலால் மூச்சுவிடுகிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது, இதன் முன்னோர் நான்கு காலில் தரையில் நடந்தவை’ என்று அவர் தொடங்கினார். ‘மகா மச்சம் என்று வேதம் சொல்லுதே’ என்றார் உபதேசியார். ‘மச்சம் பால் குடிக்குமோ?’ என்றார் ஆசிரியர். குரல் ஏறிக்கொண்டே போயிற்று. அறக்குளா ஒன்றை வெட்டிக்கொண்டிருந்த அம்மம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். ‘ரெண்டு பேரும் இதை ஒருக்காத் தூக்கிப் பாருங்கோ, பிறகு சண்டை பிடியுங்கோ’ என்றார். தனித்தனியே முயன்றார்கள், அசையவில்லை. இருவரும் சேர்ந்து ஒரு பக்கத்தைக் கிளப்பியபோது அடியிலிருந்து கருந்தேள் ஒன்று வாலை உயர்த்தி வெளியே வந்தது. வேதமும் விஞ்ஞானமும் ஒரே பாய்ச்சலில் ஒரே வாங்கின்மேல் ஏறி நின்றன. அம்மம்மா தும்புக்கட்டையால் தேளை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: ‘ஆழமறியாமல் காலை விடக் கூடாது.’

இருவரில் எவர் சரி என்பதைப் பின்னர்தான் தேடிப் படித்தேன். உபதேசியார் பிடித்துக்கொண்ட ‘மச்சம்’ தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த சொல். தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் ‘மகா மச்சங்கள்’ என்று வரும் இடத்தில் எபிரேய மூலத்தில் உள்ள ‘தன்னினீம்’ கடலின் பெரும் விலங்குகளைக் குறிக்குமே தவிர, அவை மீன் என்று சொல்லவில்லை. ஆசிரியர் சொன்னதும் உண்மையே. நம் கரைக்கு அண்மையிலேயே ஆழ்கடல் பள்ளத்தாக்கு இருப்பதால் பங்குனி, சித்திரையில் இங்கு வரும் நீலத் திமிங்கிலத்தின் உடலுக்குள், முள்ளந்தண்டோடு பொருந்தாமல் தசைக்குள் புதைந்த இரண்டு சிறிய இடுப்பெலும்புகள் இருக்கின்றன. கால் இல்லாத விலங்குக்கு ஏன் இடுப்பு? ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் தரையில் நடந்த அதன் முன்னோரின் உயிர்ச்சுவடுகள் பாகிஸ்தானில் கிடைத்துள்ளன. கூர்ப்பு, அதாவது உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறிவருதல், என்று பாடநூல் சொல்வதன் சாட்சி நம் குடாவிலேயே நீந்துகிறது.

விஞ்ஞானத்தில் நம்மவர் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டாணிச் செடிகளை வளர்த்து, பரம்பரை இயல்பின் விதிகளை 1866இல் வெளியிட்ட மெண்டல் ஓர் அகுஸ்தீனியத் துறவி. அண்டம் விரிகிறது என்பதை 1927இலேயே கணித்துக் காட்டிய லெமெத்ர் பெல்ஜியம் நாட்டுக் குருவானவர். 1951இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் விரியும் அண்டத்துக்கு விஞ்ஞானம் காட்டிய தொடக்கத்தைப் படைப்பின் தொடக்கத்தோடு இணைத்துப் பேசியபோது லெமெத்ர் மகிழவில்லை. தம் கொள்கை சமயக் கேள்விகளுக்கு அப்பாற்பட்டது என்பதில் அவர் உறுதியாக நின்றார். ‘ஒளி உண்டாகக்கடவது என்பதுதான் பெருவெடிப்பு’ என்று மேடைகளில் முழங்கும் நண்பர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். மறுப்பதற்கு அவசரப்படுவோரைப் போலவே, பொருத்துவதற்கு அவசரப்படுவோரும் ஆழமறியாமல் காலை விடுகிறார்கள். நாளை அந்தக் கொள்கை மாறினால் வசனத்தையும் மாற்றுவார்களா?

ஆகவேதான், பல ஆண்டுகளாக நான் கேட்டுவரும் ஒன்றை ஆண்டகையின் முன்னிலையில் மீண்டும் கேட்கிறேன். நம் பிள்ளைகள் கூர்ப்பைப் பரீட்சைக்கு மனனம் செய்கிறார்கள், படைப்பை உறுதிபூசுதல் சடங்குக்கு மனனம் செய்கிறார்கள். இரண்டில் எதையும் கையால் தொட்டதில்லை. இந்நகரில் பயன்பாடின்றிக் கிடக்கும் பழைய மண்டபங்களுள் ஒன்றை ஓர் எலும்பு மண்டபமாக்கித் தாருங்கள். கரையொதுங்கும் திமிங்கிலங்களின் எலும்புகளை வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடு பெற்று, தமிழில் குறிப்பெழுதி அங்கே வைப்போம். மறைக்கல்வி வகுப்பு மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே நடக்கட்டும். இந்துக் கோயிற்பிள்ளைகளும் மதரசாப் பிள்ளைகளும் அங்கே வரட்டும், படைத்தவனைப் பற்றிய கேள்வி அவர்களுக்கும் உரியதுதானே. பெரிய செலவில்லை: கூரை திருத்த வேண்டும், பூட்டு வேண்டும், பொறுப்பாக ஓர் ஆசிரியர் வேண்டும்.

அம்மம்மாவின் எலும்பு எங்கே என்று கேட்பீர்கள். 1990இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது அதைத் தூக்கிச் செல்ல எவராலும் முடியவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது கிணறு இருந்தது, அது இல்லை.

மூன்றாவது செய்திக்கு நேரம் போதவில்லை. ஆதாமை இன்னொரு கூட்டத்தில் சந்திப்போம், பங்குத் தந்தை அழைத்தால். வெளியே தேநீர் மேசையருகே ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். உங்கள் வளவிலோ அயல் வளவிலோ இப்படிப்பட்ட எலும்பு கிடந்தால், ஊரையும் எலும்பின் அகலத்தையும் அதில் எழுதிவிட்டுச் செல்லுங்கள். இன்று வராதவர்களிடமும் இந்தக் கொப்பி போய்ச் சேர வேண்டும், ஆகையால் அதை எவரும் வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டாம்.