வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் 22 ஆண்டுகளாகப் பார்வையைச் சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு. இன்று பேச வந்திருப்பதும் பார்வையைப் பற்றித்தான். ஆனால் நான் சொல்லப் போகும் கோளாறு கண்ணில் இல்லை, மூளையில்.

என் அம்மாவுக்கு 63 வயதான ஆண்டில் மூன்று முறை கண்ணாடி மாற்றினேன். "எழுத்து ஓடுது" என்பார். பத்திரிகையில் ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்கு வரும்போது இடம் தவறிவிடும். படித்த வரியையே மறுபடி படிப்பார். ஆனால் சோதனை அறையில் உட்கார வைத்தால், அட்டையில் உள்ள கடைசி வரி எழுத்துகளையும் பொறுமையாகச் சொல்லிவிடுவார். கண்புரை இல்லை, கண் அழுத்தம் சரி, விழித்திரையிலும் குறை இல்லை. நானும் பவரைக் கொஞ்சம் கூட்டுவதும் குறைப்பதுமாகவே இருந்தேன்.

அப்புறம் வேறு சில நடந்தன. ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டில் கீரைக்கு ஒரு வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுப்பதாக நினைத்து ஐம்பது வெள்ளி நோட்டை நீட்டினார். ஒன்று நீலம், மற்றது பச்சையும் நீலமும் கலந்தது. கீரை விற்ற அக்கா நல்ல மனுஷி, நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடமும் சொன்னார். ஒரு நாள் தேநீரைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினார். பேரங்காடியில் மின்படிக்கட்டின் முன்னால் வந்ததும் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி நின்றுவிட்டார். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். "என்னம்மா இது பிடிவாதம்?" என்று நான் அதட்டினேன். அந்த அதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது.

மறதி இருந்ததா என்று கேட்பீர்கள். பேரப்பிள்ளைகள் அத்தனை பேரின் பிறந்தநாளும் அவருக்கு மனப்பாடம். அதனால்தான் எங்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கடைசியில் நரம்பியல் மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார். அம்மா வட்டம் போட்டார். எண்கள் பன்னிரண்டும் வட்டத்தின் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஸ்கேன் எல்லாம் முடிந்த பிறகு, இது மூளையை மெல்ல மெல்லச் சிதைக்கும் அல்சைமர் நோய், அதிலும் மூளையின் பின்பகுதியில் தொடங்கும் வகை என்றார். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஃபிராங்க் பென்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1988-இல் விவரித்த வகை இது. ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் தலைகாட்டும். நினைவு ஓரளவு நன்றாக இருக்கும்போதே பார்வை தடுமாறத் தொடங்கிவிடும்.

விழித்திரை அனுப்பும் செய்தி நம் பிடரிக்கு உட்புறம் இருக்கும் மூளைப் பகுதிக்குப் போகிறது. அங்கிருந்து இரண்டு வழிகளில் பிரிகிறது. உச்சந்தலைப் பக்கம் போகும் வழி, ஒரு பொருள் எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணக்கிடும். காதுப் பக்கம் போகும் வழி, அது என்ன பொருள், யார் முகம் என்று சொல்லும். அல்சைமர் இந்த வழிகளில் எதைத் தொட்டாலும், கண் நன்றாக இருக்கும்போதே பார்ப்பது குழம்பும். வழக்கமாக மறதியில் தொடங்கும் அல்சைமரிலும் ஆரம்பத்திலேயே சிலருக்கு இது உண்டு. ஆழம் தெரியாது, வரும் மோட்டார் சைக்கிளின் வேகம் புரியாது, நீலமும் பச்சையும் கலந்துவிடும். இவற்றோடு, பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வெளிர் நிறங்களைப் பிரித்தறியும் சக்தியும் குறையும். கண்ணாடிக் கடைகளில் நாம் வைத்திருக்கும் அட்டை வெள்ளையில் பளிச்சென்ற கறுப்பு எழுத்து. அதைப் படித்துவிடுவதால் இந்தக் குறை அங்கே தெரியாது.

சாப்பாட்டில்தான் இது நன்றாகத் தெரிந்தது. வீட்டில் எங்களுடையது வெள்ளைப் பீங்கான் தட்டு. சோறு, தயிர், இட்லி எல்லாமே வெள்ளை. அம்மா பாதியை அப்படியே வைத்துவிடுவார். பசியில்லை என்று நினைத்தோம், எடையும் இறங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாட்டுக்குப் போனோம். இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை, ரசத்துக்கு மறுபடி சோறு கேட்டார். கடை ருசி என்று அன்றைக்கு நினைத்தேன். பிறகுதான் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஒரு ஆய்வைப் படித்தேன். முற்றிய நிலை அல்சைமர் உள்ள சிலருக்கு வெள்ளைத் தட்டு, கோப்பைகளுக்குப் பதிலாகப் பளிச்சென்ற சிவப்பில் கொடுத்தபோது, சாப்பிட்ட அளவு 25 விழுக்காடும் குடித்த அளவு 84 விழுக்காடும் கூடியது. பச்சை இலை மேல் வெள்ளைச் சோறு அம்மாவுக்குத் தெரிந்தது, வெள்ளைத் தட்டில் தெரியவில்லை. அவ்வளவுதான். மறுநாளே நீலத் தட்டு வாங்கினேன், ஐந்து வெள்ளிகூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு வீட்டையே அம்மாவின் பார்வையில் பார்க்கத் தொடங்கினேன். நம் ஊர் வரிசை வீடுகளில் தரை எல்லாம் பளபளக்கும் டைல்ஸ். வெயில் பட்டால் தண்ணீர் தேங்கியது போலத் தெரியும், காலை வைக்கப் பயப்படுவார்கள். வாசலில் கிடக்கும் கறுப்பு மிதியடி அவர்களுக்குப் பள்ளம். அதை எடுத்துவிட்டோம். பூப்போட்ட விரிப்பில் உள்ள பூவைப் பொறுக்கக் குனிவார்கள், அதையும் எடுத்துவிட்டோம். படியின் விளிம்பில் மஞ்சள் டேப் ஒட்டினோம். கழிப்பறையில் தரையும் சுவரும் இருக்கையும் ஒரே வெள்ளை. இருக்கைக்கு மட்டும் அடர்ந்த நிறத்தில் மூடி போட்டதும் தயக்கம் நின்றது. இரவில் ஜன்னல் கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்து "யாரோ நிக்கிறாங்க" என்பார். பேய் பிசாசு என்று மந்திரிக்கப் போக வேண்டாம், பொழுது சாய்ந்ததும் திரையை இழுத்து விடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எழுத்து தெரியவில்லை என்றதும் அல்சைமர் என்று பதற வேண்டாம். நம் இந்திய மலேசியர்களிடையே நீரிழிவு அதிகம், அது விழித்திரையைக் கெடுக்கும். கண்புரை, கண் அழுத்தம் இவற்றை முதலில் பார்த்துவிடுங்கள். "மறதி வந்தவருக்குக் கண் ஆபரேஷன் எதற்கு?" என்று ஒதுக்காதீர்கள். நன்றாகத் தெரிந்தால் குழப்பம் குறையும். சிகிச்சை செய்யாமல் விட்ட பார்வைக் குறையை, டிமென்ஷியாவுக்கான (நினைவும் சிந்தனையும் மங்கும் நிலை, அல்சைமர் அதில் ஒரு வகை) ஆபத்துக் காரணிகளில் ஒன்றாக 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் சேர்த்திருக்கிறது. 2018-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருக்கக்கூடும். எல்லார் தெருவிலும் ஒருவராவது இருப்பார்.

கண் பரிசோதனை சரியாக இருந்தும், கண்ணாடி மாற்றியும் தடுமாற்றம் தொடர்ந்தால், நடந்ததை ஒரு தாளில் எழுதுங்கள். வரி தவறியது, கோப்பைக்கு வெளியே ஊற்றியது, நோட்டு மாறியது, எந்த நாள் என்பது உட்பட. அதை எடுத்துக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குப் போய், நினைவாற்றல் பரிசோதனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். "கண்ணு சரியா தெரியல" என்று மட்டும் சொன்னால் மறுபடி என் போன்றவர்களிடம்தான் அனுப்புவார்கள்.

அம்மாவுக்கு இப்போது முகங்களும் பிடிபடுவதில்லை. குரல் பிடிபடுகிறது. அதனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அம்மா, நான்தான், மூத்தவள் வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே போய், அவர் எதிரில் வெளிச்சம் என் முகத்தில் படும்படி உட்காருகிறேன். "சாப்பிட்டியா?" என்று கேட்கிறார்.

நன்றி, வணக்கம்.