அனுபவிக்கக் கொடுக்கிற தேவன்

சபையாருக்கும், கேட்க வந்திருக்கிற நண்பர்களுக்கும் என் ஸ்தோத்திரம்.

நெகேமியாவின் புத்தகம் 8ஆம் அதிகாரத்தில் ஒரு பெரிய கூட்டம் நடக்கிறது. எருசலேமின் அலங்கம், அதாவது நகர மதில், 52 நாளில் கட்டி முடிந்திருக்கிறது. ஏழாம் மாதம் முதல் தேதி. ஆண்கள், பெண்கள், கேட்டு விளங்கிக்கொள்ளக்கூடிய பிள்ளைகள் என எல்லாரும் தண்ணீர்வாசலுக்கு முன்னான வீதியில் கூடிவிட்டார்கள். எஸ்றா மரத்தால் செய்த பிரசங்கபீடத்தின்மேல் நின்று, காலை தொடங்கி மத்தியானம் வரைக்கும் நியாயப்பிரமாணத்தை வாசிக்கிறார். கேட்கக் கேட்க ஜனங்கள் அழுகிறார்கள்.

அந்தக் கண்ணீரை நெகேமியாவும் எஸ்றாவும் லேவியரும் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். இன்னும் கொஞ்சம் அழுங்கள் என்று சொல்லவில்லை. அழாதிருங்கள் என்றார்கள். "நீங்கள் போய்க் கொழுமையானதைப் புசித்து, மதுரமானதைக் குடித்து, ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்குகளை அனுப்புங்கள்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குக் காரணமும் சொன்னார்கள்: இந்த நாள் ஆண்டவருக்குப் பரிசுத்தமான நாள். அந்த வசனத்தின் கடைசிப் பகுதி நம் எல்லாருக்கும் மனப்பாடம். "கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்கள் பெலன்" என்று காலண்டரில் அச்சிட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம். முன்பகுதி அச்சில் ஏறுவதில்லை. பரிசுத்த நாள், ஆகையால் நன்றாகச் சாப்பிடுங்கள் என்று வேதம் சொல்லும்போது நமக்கு ஏனோ கூச்சமாக இருக்கிறது.

இந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். நல்ல பாட்டு ஒன்று காதில் விழுகிறது, விரல் தானாகத் தாளம் போடுகிறது. அடுத்த நொடியே 'இது ஆவிக்குரிய காரியமா?' என்று மனசு குத்துகிறது. ஒரு மத்தியானம் வேலை எதுவும் இல்லாமல் சாய்ந்து கிடந்தால், அந்த நேரத்தில் ஒரு அதிகாரமாவது வாசித்திருக்கலாமே என்று உள்ளே ஒரு குரல். பாவம் செய்தவன் குற்ற உணர்வு அடைவது சரிதான். பாவமே செய்யாதவன், சந்தோஷப்பட்டதற்காகக் குற்ற உணர்வு அடைகிறானே, அது எங்கிருந்து வந்தது?

வேதத்திலிருந்து வரவில்லை என்று துணிந்து சொல்வேன். ஏதேனில் மரங்களை முளைப்பித்தபோது அவை புசிப்புக்கு நலமாக இருந்தது மட்டுமல்ல, பார்வைக்கு அழகாகவும் இருந்தன என்று ஆதியாகமம் எழுதி வைத்திருக்கிறது. வயிறு நிறைய அழகு தேவையில்லை, ஆனாலும் கொடுத்தார். விவாகம் செய்யக் கூடாது, சில உணவுகளைத் தொடக் கூடாது என்று போதிக்கிறவர்கள் வருவார்கள் என்று பவுல் தீமோத்தேயுவை எச்சரித்தார். அந்தப் போதனைக்கு அவர் வைத்த பெயர் மிகைபக்தி அல்ல. பிசாசுகளின் உபதேசம் என்றார். "தேவன் படைத்ததெல்லாம் நல்லதாயிருக்கிறது" என்பது அதற்கு அவர் தந்த பதில். அதே நிருபத்தின் கடைசியில், நாம் அனுபவிக்கிறதற்குச் சகலவித நன்மைகளையும் சம்பூரணமாய்க் கொடுக்கிற தேவன் என்று எழுதுகிறார். சகித்துக்கொள்வதற்கு என்று எழுதவில்லை.

சபையும் இதில் தடுமாறியிருக்கிறது, தடுமாறி எழுந்தும் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் கங்கிரா என்ற ஊரில் கூடிய ஆயர்கள், திருமணத்தை அருவருக்கிறவர்களையும், இறைச்சி சாப்பிடுகிற விசுவாசியை இழிவாகப் பேசுகிறவர்களையும் கண்டித்துத் தீர்மானம் எழுதினார்கள். அகுஸ்தீன் இளமையில் சுமார் ஒன்பது வருடம் மானி மார்க்கத்தைப் பின்பற்றியவர். உடலும் பொருளும் இருளின் பக்கம் என்று அங்கே கற்பித்தார்கள். அதை உதறிவிட்டு ஆயரான பிறகும், ஆலயத்தில் பாடும் சங்கீதத்தின் ராகம் தன்னை இவ்வளவு இழுக்கிறதே, இது தவறோ என்று தன் 'அறிக்கைகள்' நூலில் கலங்குகிறார். கடைசியில், பாடட்டும் என்ற பக்கமே சாய்கிறார். முதலில் விசுவாசத்துக்கு வந்த நாட்களில் அதே பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விட்டது அவருக்கு நினைவிருந்தது.

இப்போது யோவான் 21ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க விரும்புகிறேன்.

சீஷர்கள் ராத்திரி முழுவதும் வலை போட்டும் ஒன்றும் அகப்படவில்லை. விடியற்காலம் கரையில் ஒருவர் நிற்கிறார். அவர் சொன்ன பக்கம் வலையைப் போட்டால் 153 பெரிய மீன். கரையேறிப் பார்த்தால் கரிநெருப்பு போட்டிருக்கிறது, அதன்மேல் மீன் வைத்திருக்கிறது, பக்கத்தில் அப்பமும் இருக்கிறது. நெருப்பு மூட்டியது யார்? மரணத்தை ஜெயித்து எழுந்த கர்த்தர். ஆணி பாய்ந்த அந்தக் கைகள் விடியுமுன் மீன் சுட்டுக்கொண்டிருந்தன. "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்று கூப்பிடுகிறார்.

வந்திருக்கிறவர்கள் யார் என்பதையும் மறக்க வேண்டாம். அவரை விட்டு ஓடிப்போனவர்கள். பேதுரு மூன்று முறை மறுதலித்தவன். அவனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, அது கடினமான கேள்வி. ஆனால் அதை எப்போது கேட்டார்? "அவர்கள் போஜனம்பண்ணினபின்பு" என்று யோவான் குறித்து வைக்கிறார். குளிரில் நனைந்து வந்தவனுக்கு முதலில் சுடச்சுட மீனும் அப்பமும். அதற்குப் பிறகுதான், "நீ என்னில் அன்பாயிருக்கிறாயா?" நாமாக இருந்தால் விசாரணையை முடித்துவிட்டுத்தான் பந்தியில் உட்கார வைப்போம். எனக்கு இந்த அதிகாரத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். சாப்பாட்டை அவர் கூலியாகக் கொடுக்கவில்லை.

அப்படியானால் சிலுவை சுமப்பது எங்கே, உபவாசம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உபவாசத்தில் எதை விடுகிறோம்? கெட்டதை விட்டால் அதற்குப் பெயர் மனந்திரும்புதல். நல்லதை, நமக்கு உரிமையுள்ளதை, கொஞ்ச காலம் தள்ளி வைத்தால்தான் அது உபவாசம். சாப்பாட்டைக் கேவலமாக நினைக்கிறவனால் உபவாசிக்கவே முடியாது. வேண்டாததை விடுகிறவன் எதைப் பலியாகக் கொடுக்கிறான்? மணவாளன் கூட இருக்கும்போது உபவாசம் இல்லை, அவர் எடுக்கப்படும் நாட்கள் வரும், அப்பொழுது உபவாசிப்பார்கள் என்று இயேசுவே இரண்டுக்கும் காலம் குறித்தார். தன்னை வெறுத்துச் சிலுவையை எடு என்று சொன்ன அதே வாய்தான் விருந்துகளில் சாப்பிட்டது. அதற்காகவே "போஜனப்பிரியன்" என்ற பழிச்சொல்லையும் அவர் வாங்கிக்கொண்டார்.

மதுவைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர் கலியாணத்தைக் காட்டிக் குடிக்க அனுமதி தேடுகிறவர்கள், ரோமர் 14ஐயும் வாசிக்கட்டும். சகோதரன் இடறுவான் என்றால் குடிக்காமலிருப்பதே நன்மை என்று அங்கே எழுதியிருக்கிறது. குடியால் உடைந்த வீடுகளைப் பார்த்த யாருக்கும் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. "நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்ற பவுலின் வார்த்தை பாட்டிலுக்கும் பொருந்தும், கையில் இருக்கும் போனுக்கும் பொருந்தும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. தந்தக் கட்டிலில் படுத்து, கொழுத்த ஆட்டுக்குட்டியைத் தின்று, வீணை இசைத்தவர்கள்மேல் ஆமோஸ் தீர்க்கதரிசி ஏன் அப்படிச் சீறினார்? யோசேப்புக்கு, அதாவது தங்கள் சொந்த ஜனத்துக்கு, நேரிட்ட ஆபத்துக்குக் கவலைப்படாமல் போனார்கள், அதுதான் குற்றம். கொரிந்து சபையில் கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் குடிவெறியாயிருந்தான். பவுலின் கோபம் சாப்பாட்டின்மேல் அல்ல, பக்கத்து இலையைப் பார்க்காத கண்ணின்மேல். எருசலேமில் சொன்ன அந்தக் கட்டளைக்குள்ளேயே "ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்குகளை அனுப்புங்கள்" என்பதும் இருக்கிறது. அதை நீக்கிவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொள்ள நமக்கு அதிகாரமில்லை.

கடைசியாக ஒரு கூட்டத்தாரிடம் தனியாகப் பேச வேண்டும். வீட்டில் ஒரு மரணம் நடந்து, மாதக்கணக்கில் சிரிக்காமல் இருந்துவிட்டு, ஒருநாள் யாரோ சொன்னதைக் கேட்டுச் சட்டென்று சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டவர்கள் இங்கே இருப்பீர்கள். போனவருக்குத் துரோகம் செய்துவிட்டோம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். பிரசங்கி 9ஆம் அதிகாரத்தை வீட்டில் போய் வாசித்துப் பாருங்கள். 5, 6ஆம் வசனங்கள் மரித்தவர்களைப் பற்றியே பேசுகின்றன, ஈவிரக்கம் இல்லாமல் பேசுகின்றன. அடுத்த வசனம், "நீ போய், உன் ஆகாரத்தைச் சந்தோஷத்துடன் புசித்து" என்று ஆரம்பிக்கிறது. மரணம் தெரியாதவன் எழுதிய வசனம் அல்ல அது. அந்தச் சிரிப்பையும் கர்த்தர்தான் கொடுத்தார். மறுபடி வந்தால் தடுக்காதீர்கள்.