மழை பெய்ததா, இல்லையா?

நேயர்களுக்கு வணக்கம்.

விடுமுறையில் இரண்டு மூன்று நாள் ஒரு நகரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதைப் பற்றிப் பேசும்படி அழைத்தார்கள். எங்கே போகலாம், எங்கே தங்கலாம் என்று சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். என் அக்கறையெல்லாம் திரும்பி வந்த பிறகு நடப்பதில்தான். பெட்டியைக் காலி செய்து, அழுக்குத் துணிகளைத் துவைக்கப் போட்டாயிற்று. அந்தப் பயணம் இப்போது எங்கே இருக்கிறது? அடுத்த ஆண்டு இதே நாளில் அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

ஒரே ஊரில் ஒரு மாதம் இருந்தால், நடந்த தெருவிலேயே திரும்பத் திரும்ப நடந்து அந்தத் தெரு மனத்தில் ஊறிவிடும். இரண்டு நாள் பயணத்தில் அதற்கு வழியில்லை. காலையில் அருங்காட்சியகம், மதியம் கோட்டை, மாலையில் ஆற்றங்கரை. எல்லாம் ஒரே ஒரு முறை. போதாததற்கு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மூன்றாவதாகப் பார்த்த அருங்காட்சியகம் முதலாவதை மறைத்துவிடுகிறது. உளவியலில் இதைக் குறுக்கீடு என்பார்கள். ஒரே மாதிரியானவை ஒன்றையொன்று தடுப்பது.

ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் பொருளே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எப்போது எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து, 1885-இல் அதை வெளியிட்டார். மறதி தொடக்கத்தில்தான் வேகமாகப் பாய்கிறது, பிறகு நிதானப்படுகிறது என்று கண்டார். நம் பயணம் பொருளில்லாத அசை அல்ல, அது உண்மைதான். ஆனாலும் எனக்கு அதிலிருந்து ஒன்று பிடிபட்டது. ஊர் திரும்பிய பிறகு சாவகாசமாக எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்கிறோமே, அதற்குள் அள்ளிக்கொண்டு போக வேண்டியதை மறதி அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. எழுத வேண்டியது அன்றிரவு, படுக்கப் போகும் முன்.

'அதுதான் படம் எடுத்து வைத்திருக்கிறோமே' என்று உங்களில் பலர் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. சரி, படத்துக்கு வருகிறேன்.

நானும் ஒரு நண்பரும் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நகரத்துக்குச் சேர்ந்து போயிருந்தோம். அண்மையில் பேச்சுவாக்கில் அவர், "நல்ல வெயில் நேரத்தில் போனோம், இல்லையா?" என்றார். "என்ன வெயில்? ஒரு நாள் முழுக்க மழையில் அல்லவா அலைந்தோம்" என்றேன் நான். அவர் விடவில்லை. கைபேசியை எடுத்துப் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். கோபுரத்துக்குப் பின்னால் நீல வானம். ஆற்றுக்கு மேல் நீல வானம். மழை பெய்ததற்கு ஒரு படத்திலும் அடையாளமே இல்லை. வழக்கு முடிந்தது என்பது போல என்னைப் பார்த்தார்.

எனக்குப் பழைய டிக்கெட்டுகளைச் சேர்த்து வைக்கும் பழக்கம் உண்டு. அடுத்த முறை சந்தித்தபோது அந்த நகரத்தின் டிராம் டிக்கெட் ஒன்றைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'மழை. பாலத்தடியில் நின்றோம். செருப்பு அறுந்தது. காவலாளி கயிறு தந்தார்.'

படித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பச்சைக் கயிறு" என்றார்.

கவனியுங்கள், நிறத்தைப் பற்றி என் குறிப்பில் ஒரு சொல் கிடையாது! பச்சைக் கயிறில் தொடங்கியவர், அந்தக் காவலாளி தன் குடையை எங்களிடம் கொடுத்துவிட்டுத் தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டது, பாலத்தடியில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் எதிரொலி கேட்பதற்காகக் கத்தியது என்று வரிசையாக எடுத்துவிட்டார். பிள்ளைகள் கத்தியதை நான் மறந்தே போயிருந்தேன். அவர் சொன்னதும் சத்தம் காதுக்கு வந்துவிட்டது.

படங்களில் ஏன் மழை இல்லை? மழையில் யார் கேமராவை வெளியே எடுக்கிறார்கள்! பஸ்ஸுக்காகக் காத்திருந்தது, வழி தெரியாமல் சண்டை போட்டுக்கொண்டது, கால் வலித்துப் படிக்கட்டில் உட்கார்ந்தது, எதையும் நாம் படம் எடுப்பதில்லை. வானம் வெளுத்த பிறகு, தலையை வாரிக்கொண்டு நிற்கிறோம். பிற்காலத்தில் ஆல்பத்தைப் பார்ப்பவர்கள், நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், வாரிய தலையைத்தான் பயணம் என்று நம்புகிறார்கள்.

இந்த இடத்தில் நெதர்லாந்து நாட்டு உளவியலாளர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. என் வீட்டில் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் இப்போது சிரிப்பார்கள். வில்லெம் வாகெனார் என்று பெயர். தன் வாழ்க்கையில் நடந்தவற்றை 6 ஆண்டுகள் விடாமல் குறித்து வந்தார். மொத்தம் ஏறத்தாழ 2,400 நிகழ்ச்சிகள். ஒவ்வொன்றுக்கும் என்ன நடந்தது, யார் இருந்தார்கள், எங்கே, எப்போது என்று நான்கு குறிப்புகள். பிறகு அவற்றில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றவை நினைவுக்கு வருகின்றனவா என்று தன்னையே சோதித்தார். முடிவு 1986-இல் வெளியானது. 'என்ன' என்பதுதான் நினைவைச் சிறப்பாக எழுப்பியது. 'எப்போது' என்ற குறிப்பு, அதாவது தேதி, தனியாகக் கொடுத்தபோது அநேகமாகப் பயன்படவே இல்லை.

மறுபடியும் சொல்கிறேன். தேதி மட்டும் இருந்தால் அது எதையும் எழுப்பாது. நம் கைபேசிகள் படங்களை எதை வைத்து அடுக்குகின்றன? தேதியை வைத்து. கணினியில் கோப்புறைக்கு என்ன பெயர் வைக்கிறோம்? மாதமும் ஆண்டும். இருப்பதிலேயே பலவீனமான குறிப்பைத் தேர்ந்தெடுத்து அதன் கீழ் ஆயிரக்கணக்கில் படங்களைக் குவிக்கிறோம். 'செருப்பு அறுந்த நாள்' என்று பெயர் வைத்துப் பாருங்கள்.

வாகெனார் இன்னொன்றும் செய்தார். தனக்குச் சுத்தமாக மறந்துபோயின என்று நினைத்த நிகழ்ச்சிகள் சிலவற்றைப் பற்றி, அப்போது உடனிருந்தவர்களிடமே போய்க் கேட்டார். அவர்கள் சில விவரங்களைச் சொன்னதும் இவருக்கும் நினைவு வந்துவிட்டது. என் நண்பரின் பச்சைக் கயிறு போலத்தான். அதனால் பயணக் குறிப்பில் கூட வந்தவர் சொன்ன ஒரு வரியையும் எழுதி வைப்பது நல்லது.

இதனால் கேமராவைத் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் லிண்டா ஹெங்கல் என்ற உளவியலாளர் மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று, சில பொருள்களைப் படம் எடுக்கவும் சிலவற்றைப் பார்க்க மட்டும் செய்யவும் சொன்னார். 2014-இல் அந்த முடிவுகள் வந்தன. முழுப் பொருளையும் படம் எடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவற்றைவிட எடுத்தவைதான் குறைவாக நினைவிருந்தன. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக எடுத்தபோது அந்தக் குறை ஏற்படவில்லை. ஆகவே கோபுரத்தை முழுதாக எடுக்கும் வேலையை அஞ்சலட்டை அச்சிடுபவர்களிடம் விட்டுவிட்டு, அதன் வாசலில் தேய்ந்திருக்கும் படி ஒன்றை எடுங்கள்.

டிக்கெட் சேர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இப்போது வரும் பல டிக்கெட்டுகளும் ரசீதுகளும் மையில் அச்சிடப்படுவதில்லை. சூடுபட்டால் கறுக்கும் பூச்சு பூசிய தாள் அது. வெளிச்சமும் வெப்பமும் பட்டு எழுத்து வெளுத்துவிடும். பத்திரம் என்று நினைத்துப் போடும் சில பிளாஸ்டிக் உறைகள் அதை இன்னும் விரைவில் அழிக்கும். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். முன்பக்கம் வெள்ளையாகிப் போனாலும் பென்சில் எழுத்து நிற்கும். பென்சில்காரன் என்று என்னைக் கேலி செய்வார்கள், செய்யட்டும்.

வீடு திரும்பியதும் உறவினர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டுகிறோம் அல்லவா? வரிசையை மாற்றுங்கள். முதலில் கைபேசியை மூடிவைத்துவிட்டு வாயால் சொல்லுங்கள். படித்ததையே திரும்பப் படித்தவர்களைவிட, பார்க்காமல் நினைவுபடுத்திச் சொன்னவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது என்று ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினார்கள். அது பாடம் படிப்பதைப் பற்றிய சோதனைதான். பயணத்துக்கும் பொருந்தும் என்பது என் நம்பிக்கை. சொல்லி முடித்த பிறகு படங்களைத் திறங்கள். எதை விட்டுவிட்டோம் என்று தேடிப் பார்ப்பதில் ஒரு சுவையும் இருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒலியைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்திருந்தேன், அதுவும் வானொலியில்! சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போகும் நகரத்தில் ஏதாவது ஓர் இடத்தில் நின்று ஒரு நிமிடம் ஒலிப்பதிவு செய்யுங்கள். ரயில் நிலைய அறிவிப்பாக இருக்கலாம், சந்தை இரைச்சலாக இருக்கலாம். அந்த ஒரு நிமிடம் நீங்கள் எதுவும் பேசாதீர்கள், கூட இருப்பவரையும் பேசவிடாதீர்கள். கோப்புக்குப் பெயர் வையுங்கள், தேதியை அல்ல. மணத்தைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. மறுபடி அழைத்தால் அதிலிருந்து தொடங்குகிறேன். நன்றி, வணக்கம்.