ராத்திரி முழிச்சிருக்கிற அம்மா

[காட்சி: கோத்தகிரி பக்கம் ஒரு லயன் வீடு (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு). விடியக்காலை, வெளியே மூடுபனி.]

மணி நாலு. இந்த அம்மா படுத்திருக்காங்க, தூங்கல. பக்கத்துல படுத்திருக்கிற ஏழு வயசுப் பையனோட கம்பளி மேல கை இருக்கு. அவனுக்கு வலிப்பு வந்து கம்பளி உதறினா கைக்குத் தெரிஞ்சிடும். மூணு வருஷமா தூக்கம் இப்படித்தான். விடிஞ்சா கொழுந்து எடுக்கப் போகணும்.

[காட்சி: மூளையின் வரைபடம்.]

நம்ம மூளை வேலை செய்யறது நுணுக்கமான மின் ஓட்டத்துல. அது திடீர்னு தாறுமாறாப் பாயும்போது வர்றதுதான் வலிப்பு. பேய் பிசாசு வேலை கிடையாது, தொத்தவும் தொத்தாது. உலகத்துல சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கு. சரியான மருந்தை விடாம எடுத்துக்கிட்டா, பத்துல ஏழு பேர் வரைக்கும் வலிப்பு வராமலே வாழ முடியும்.

விடாம எடுக்கிறதுலதான் மலையில சிக்கலே. நரம்பு டாக்டரைப் பார்க்கக் கோயமுத்தூர் இறங்கினா ஒரு நாள் போச்சு, அன்னைக்குக் கூலியும் போச்சு. ஐப்பசி மழையில மரம் சாய்ஞ்சா மேட்டுப்பாளையம் ரோட்டுல பஸ் ஓடாது. இங்க சிரப் பாட்டில்ல அடி தெரியும். மருந்து திடீர்னு நின்னா, அடங்கியிருந்த வலிப்பு முன்னைவிட மோசமா வரலாம். அதனால மழைக்கு முன்னாடியே, சேர்த்து எழுதிக் கொடுங்கன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. கூச்சப்படாதீங்க.

[காட்சி: வாசல்படியில் அக்கா, மடியில் புத்தகம்.]

இவ பையனோட அக்கா. அம்மா வேலைக்குப் போற சனிக்கிழமையில தம்பிக்குக் காவல் இவதான். கிணத்துப் பக்கம் விடக்கூடாது, அடுப்புப் பக்கம் விடக்கூடாது. விளையாடப் போய் ரொம்ப நாளாச்சு. அவ அதைச் சொல்ல மாட்டா, நாமதான் கேட்கணும்.

லயன்ல யாருக்கும் விஷயம் தெரியாது. தெரிஞ்சா நாளைக்கு இந்தப் பொண்ணுக்கு வரன் வராதுன்னு பயம். 1999 வரைக்கும் இந்து திருமணச் சட்டத்துலயே வலிப்பு ஒரு தடையா இருந்துச்சு. சட்டத்துல எடுத்து இத்தனை வருஷமாகியும் ஊர் வாயில இருந்து போகல. மறைக்கிற அம்மா மேல எனக்குத் துளியும் கோபம் இல்ல. ஆனா மறைக்கிறதாலதான் மாத்தி முழிச்சிருக்க ஒரு ஆள் இல்லாமப் போகுது.

[காட்சி: பக்கத்து வீட்டுப் பெரியம்மா, அம்மா, சுவர்க் கடிகாரம்.]

ஒருத்தர்கிட்டயாவது சொல்லுங்க. சொல்லும்போது இதையும் காட்டுங்க:

"பெரியம்மா, இவனுக்கு வந்துச்சுன்னா முதல்ல கடிகாரத்தைப் பாருங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. தலைக்கடியில துணி வைங்க. கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதீங்க."

"சாவிக்கொத்து கொடுக்க வேணாமா கண்ணு?"

"வேணாம் பெரியம்மா. இரும்புல வலிப்பு நிக்காது. வாயிலயும் எதையும் வைக்காதீங்க, தண்ணிகூட. பெரும்பாலும் தானா நின்னுடும். அஞ்சு நிமிஷம் தாண்டினாலோ, நினைவு திரும்பாம மறுபடி வந்தாலோ 108-க்கு போன் போடுங்க."

பெரியம்மா எந்திரிச்சு, பையனைத் தன் பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுப் பார்க்கிறாங்க. அவன் கூச்சத்துல சிரிக்கிறான். இன்னொரு தடவை செஞ்சு பார்க்கிறாங்க.

[காட்சி: அன்று ராத்திரி. பையன் பக்கத்தில் பெரியம்மா உட்கார்ந்திருக்கிறார். அடுத்த அறையில் அம்மா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்.]