அப்கிரேட் நடுவில கரண்ட் போனா லினக்ஸை எப்படி மீட்கிறது?

எல்லாருக்கும் வணக்கம், சலாம். மட்டக்களப்பில மாரி தொடங்கிட்டு. ஒக்டோபரில இருந்து ஜனவரி வரைக்கும் இஞ்ச மழையும் காத்தும்தான், அதோட கரண்டும் கண்ணாமூச்சி விளையாடும். இன்னொரு பக்கம், வின்டோஸ் 10க்கான சப்போர்ட் 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சதால, பழைய மெஷின் வச்சிருக்கிற கனபேர் உபுண்டு, மின்ட் எண்ட லினக்ஸ் பக்கம் வந்திருக்கிறாங்க. ஆக, அப்கிரேட் ஓடிக்கிட்டு இருக்கக்குள்ள கரண்ட் போய், திரும்பப் போட்டா மெஷின் எழும்பாத பிரச்சின இப்ப கூட. இண்டைக்கு அதைத்தான் முக்கியமா பாக்கப் போறம்.

முதல்ல ஒண்டு. பென்டிரைவை எடுத்துத் திரும்ப இன்ஸ்டோல் செய்ய ஓடாதீங்க. மெஷின் எந்த இடத்தில நிக்குது எண்டு பாருங்க. கம்பெனி லோகோ வரும், மறுகா கிரப் மெனு (எதில பூட் செய்யிற எண்டு கேக்கிற பட்டியல்), மறுகா கேர்னல் (லினக்ஸிட மூலப் பகுதி), மறுகா லொகின் ஸ்கிரீன், கடைசியா டெஸ்க்டொப். இந்த வரிசையில எங்க நிண்டுட்டோ அந்த இடத்திலதான் கோளாறு. லொகின் ஸ்கிரீன் வரைக்கும் வருது எண்டா கேர்னலும் டிஸ்க்கும் நல்லாத்தான் இருக்கு, அதைத் தொட வேண்டாம்.

கரண்ட் போன கேசுக்கு வாறன். அப்கிரேட்டில ரெண்டு கட்டம் இருக்கு. முதல்ல பெக்கேஜ் எல்லாம் டவுன்லோட் ஆகும். அந்த நேரம் கரண்ட் போனாலும், டேட்டா முடிஞ்சாலும் ஒண்டும் ஆகாது, விட்ட இடத்தில இருந்து திரும்ப இறங்கும். மறுகா அன்பெக், செட்டிங் அப் எண்டு வரி வரியா ஓடும் பாருங்க, ஆபத்து அங்கதான். பெக்கேஜை இன்ஸ்டோல் செய்யிற டீபீகேஜி, பாதிப் பெக்கேஜைப் பிரிச்சி வச்சிட்டு நிண்டுரும். அதால சாதாரண அப்டேட்டுக்கு டவுன்லோடைத் தனியா எடுத்து வைங்க: சூடோ, ஏபீடி, ஃபுல்-அப்கிரேட், இடைவெளி, ஒரு கோடு (மைனஸ் குறி), சின்ன டீ (டவுன்லோடிட முதல் எழுத்து). இரவு டேட்டாவில இதை ஓட விட்டுட்டு, பகல்ல வானம் வெளிச்சிருக்கிற நேரம் டீ இல்லாம அதே கொமாண்டைக் குடுத்தா இன்ஸ்டோல் மட்டும்தான் மிச்சம். வீட்டில வச்சிருக்கிற சின்ன யூபிஎஸ் கரண்ட் வெட்டி வெட்டி வாறதுக்குத்தான் தாங்கும். உபுண்டு 22.04ல இருந்து 24.04க்குப் போற மாதிரி பெரிய அப்கிரேட் முழுக்க அது தாங்கும் எண்டு நினைக்காதீங்க.

சரி, கரண்ட் போயிட்டு. திரும்பப் போட்டா மூண்டில ஒண்டைப் பாப்பீங்க.

முதலாவது, கறுப்பு ஸ்கிரீனில அடைப்புக்குறிக்குள்ள இனிட்ராம்எஃப்எஸ் எண்டு எழுதிட்டு கேர்சர் மினுங்கும். ஃபைல் சிஸ்டம் குழம்பி, தானாத் திருத்த ஏலாம நிண்டிருக்கு. அங்க எக்ஸிட் எண்டு அடிச்சி என்டர் தட்டுங்க. எந்தப் பார்ட்டிஷன் எண்டு அதுவே சொல்லும். டெவ் எஸ்டீஏ2 எண்டு சொல்லிச்செண்டு வைப்பம். அப்ப எஃப்எஸ்சீகே, இடைவெளி, ஒரு கோடு, வை எண்ட இங்கிலிஷ் எழுத்து, இடைவெளி, ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் எஸ்டீஏ2. உங்கட ஸ்கிரீனில என்ன பேர் வந்திச்சோ அதை அடிங்க, என்டதைக் கொப்பி அடிக்க வேண்டாம். என்விஎம்இ டிஸ்க் எண்டா பேர் வேற மாதிரி வரும். முடிஞ்சதும் ரீபூட். ரெண்டு மூண்டு தரம் செய்தும் திரும்பத் திரும்ப அதே பிழை வருதெண்டா டிஸ்க்கே சாகப் போகுது. லைவ் பென்டிரைவில (இன்ஸ்டோல் செய்யாமலே லினக்ஸ் ஓடுறது) பூட் செய்து முதல்ல ஃபைல்களை வெளிய எடுங்க.

ரெண்டாவது, கேர்னல் பெனிக். "அன்ஏபிள் டு மவுன்ட் ரூட்" எண்டு ஒரு வரி, கடைசியில அன்நோன் புளொக், சைபர் கமா சைபர். பாக்கப் பயமா இருக்கும், ஆனா இதுதான் லேசு. புதுக் கேர்னல் வந்திட்டு, அது பூட் ஆகத் தேவையான இனிட்ராம்எஃப்எஸ் ஃபைல் உருவாக முதல் கரண்ட் போயிட்டு. அவ்வளவுதான். மெஷினைப் போட்ட உடன எஸ்கேப்பை ஒரு தரம், ரெண்டு தரம் தட்டுங்க. பழைய பயோஸ் மெஷின் எண்டா ஷிஃப்டை அமத்திப் பிடிங்க. கிரப் மெனு வரும். அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸுக்குள்ள போனா புதுக் கேர்னலுக்கும் அதிட ரிக்கவரி மோடுக்கும் கீழ பழைய கேர்னல் இருக்கும், அதில பூட் செய்யுங்க. உள்ள வந்ததும் டெர்மினலில சூடோ, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், ஒரு கோடு சீ, ஒரு கோடு கே, மறுகா புதுக் கேர்னலிட வேர்ஷன் நம்பர். அதுக்குப் பிறகு சூடோ அப்டேட்-கிரப்.

மூண்டாவது, பூட் ஆகுது, ஆனா டெஸ்க்டொப் வரல்ல, இல்லாட்டி வந்தாலும் எதையும் இன்ஸ்டோல் செய்ய ஏலா. கன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 மூண்டையும் சேத்து அமத்துங்க, எழுத்துத் திரை வரும், லொகின் செய்யுங்க. அதுவும் வரல்லயெண்டா கிரப்பில ரிக்கவரி மோட், அதுக்குள்ள ரூட். ரிக்கவரியில டிஸ்க் வாசிக்க மட்டும்தான் திறந்திருக்கும், அதால முதல்ல மவுன்ட், ஒரு கோடு ஓ, ரீமவுன்ட் கமா ஆர்டபிள்யூ, இடைவெளி, ஸ்லாஷ். கனபேர் இதை விட்டுட்டு, கொமாண்ட் வேலை செய்யல்ல எண்டு நிப்பாங்க.

மறுகா மூண்டு கொமாண்ட், இதே ஒழுங்கில. சூடோ டீபீகேஜி, ரெண்டு கோடு கொன்ஃபிகர், இடைவெளி, ஒரு கோடு ஏ. இது பாதியில நிண்ட பெக்கேஜ்களை முடிச்சி வைக்கும். அடுத்தது சூடோ ஏபீடி, ரெண்டு கோடு ஃபிக்ஸ்-புரோக்கன், இடைவெளி, இன்ஸ்டோல். அது முடிய சூடோ ஏபீடி ஃபுல்-அப்கிரேட். முதலாவது பிழையோட நிண்டா பதறாதீங்க, ரெண்டாவதை ஓட்டிட்டுத் திரும்ப முதலாவதுக்கு வாங்க.

இடையில "குட் நொட் கெட் லொக்" எண்டு வந்தா, லொக் ஃபைலை அழிக்கச் சொல்லி நிறைய இடத்தில எழுதியிருக்கும். செய்யாதீங்க. பின்னால தானியங்கி அப்டேட் ஓடிக்கிட்டு இருக்கும், பத்து நிமிஷம் பொறுத்தா முடிஞ்சிரும். அது ஓடக்குள்ள லொக்கை அழிச்சா, கரண்ட் செய்யாத நாசத்தை நீங்க செய்தமாதிரி.

கொன்ஃபிகர் ஓடக்குள்ள "நோ ஸ்பேஸ் லெஃப்ட்" எண்டு வந்தா பூட் பார்ட்டிஷன் நிரம்பியிருக்கு. டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து போட்டவங்களுக்கு ஸ்லாஷ் பூட் தனியா, சின்னதா இருக்கும், பழைய கேர்னல்கள் அங்கதான் குவியும். டீஎஃப் ஒரு கோடு எச் அடிச்சிப் பாருங்க. வழமையா சூடோ ஏபீடி ஓட்டோரிமூவ் போதும். ஆனா ஏபீடியே பாதியில சிக்கியிருந்தா அதுவும் ஓடாது. அப்ப யூநேம் ஒரு கோடு ஆர் அடிச்சி, இப்ப ஓடுற கேர்னல் எது எண்டு கடதாசியில எழுதி வைங்க. பூட் ஃபோல்டரில அதைத் தவிர ஆகப் பழைய ஒண்டிட இனிட்ஆர்டி ஃபைலை (இனிட்ராம்எஃப்எஸ் ஃபைலுக்கு அங்க இதுதான் பேர்) மட்டும் ஆர்எம் குடுத்து அழிங்க. இடம் கிடைச்சதும் டீபீகேஜி கொன்ஃபிகர், மறுகா ஓட்டோரிமூவ். கையால அழிக்கிறது இந்த ஒரு ஃபைலோட நிக்கோணும்.

இனி, கரண்டோட சம்பந்தமில்லாத கறுத்த திரை. என்விடியா கிராஃபிக்ஸ் காட் உள்ள மெஷினில புதுசா இன்ஸ்டோல் செய்த உடன வாறது. கிரப்பில உபுண்டு வரியில நிண்டுகொண்டு ஈ தட்டுங்க. லினக்ஸ் எண்டு தொடங்குற வரியில, குவயட் ஸ்பிளாஷுக்குப் பக்கத்தில ஒரு இடைவெளி விட்டு நோமோட்செட் எண்டு சேத்து எழுதி, எஃப்10. இந்த ஒரு தரம் மட்டும் உள்ள வரலாம், ட்ரைவர் போடத்தான் இது. உள்ள வந்ததும் சூடோ, உபுண்டு-ட்ரைவர்ஸ், இன்ஸ்டோல். நோமோட்செட்டை நிரந்தரமா வச்சிக்கொண்டு வீடியோ தட்டுத்தடுமாறி ஓடுதெண்டு சொல்றவங்களும் இருக்காங்க, அது ஓடத்தான் செய்யாது! ஜீடி 610 மாதிரிப் பழைய காட்டுக்குரிய 390 ட்ரைவரை என்விடியா 2022ஓட கைவிட்டுட்டு. அந்தக் காட்டுக்கு என்விடியா பெக்கேஜ் எல்லாத்தையும் கழட்டிட்டு, லினக்ஸோட வாற நூவோ ட்ரைவரில விடுறதுதான் சரி.

ட்ரைவர் போட்டும் வேலை செய்யல்லயா? மொக்யூட்டில், ரெண்டு கோடு எஸ்பி-ஸ்டேட் அடிங்க. செக்கியூர் பூட் (கையெழுத்து சரியில்லாத ட்ரைவரை உள்ள விடாத பாதுகாப்பு) எனேபிள்ட் எண்டு வந்தா விஷயம் விளங்கிட்டு. ட்ரைவர் போடக்குள்ள ஒரு பாஸ்வேர்ட் கேட்டிருக்கும், ரீபூட்டில நீலத் திரை வந்திருக்கும். பத்து செக்கன்தான் நிக்கும், ஒரு கீயும் தட்டல்லயெண்டா போயிரும். என்ரோல் மொக், கன்டினியூ, யெஸ், மறுகா அந்தப் பாஸ்வேர்ட், இதுதான் அங்க செய்ய வேண்டியது. தவறவிட்டிருந்தா சூடோ மொக்யூட்டில், ரெண்டு கோடு இம்போர்ட், ஸ்லாஷ் வார் ஸ்லாஷ் லிப் ஸ்லாஷ் ஷிம்-சைன்ட் ஸ்லாஷ் மொக் ஸ்லாஷ் எம்ஓகே புள்ளி டீஈஆர். திரும்பப் பாஸ்வேர்ட் கேட்டு, அடுத்த ரீபூட்டில அதே நீலத் திரை வரும். புரோட்கொம் வைஃபை எழும்பாததுக்கும் சில மெஷினில இதேதான் காரணம். வைஃபை இல்லாத நேரம் போனை கேபிளால கொழுவி யூஎஸ்பி டெதரிங் போடுங்க, லினக்ஸ் உடன பிடிக்கும்.

வின்டோஸும் சேத்து வச்சிருக்கிறவங்களுக்கு. அப்கிரேட்டுக்குப் பிறகு கிரப்பில வின்டோஸ் காணாமப் போனா அது அழியல்ல, கிரப் 2.06ல இருந்து தேடுறதை நிப்பாட்டி வச்சிருக்காங்க. ஈடீசீ, டிஃபோல்ட், கிரப் ஃபைலில கிரப் டிஸேபிள் ஓஎஸ் புரோபர் எண்ட வரியை ஃபோல்ஸ் ஆக்கி, அப்டேட்-கிரப் குடுங்க. வின்டோஸில மணி சரியா அஞ்சரை மணித்தியாலம் பின்னுக்கு நிண்டா, மதர்போர்ட் பெட்டரியை மாத்தாதீங்க. லினக்ஸ் கடிகாரத்தை யூடீசீ எண்ட உலகப் பொது நேரத்தில எழுதுது, வின்டோஸ் அதை நம்மட நேரமெண்டு வாசிக்குது. டைம்டேட்சீடீஎல், செட்-லோக்கல்-ஆர்டீசீ, 1. இதைச் செய்யாதீங்க எண்டு லினக்ஸே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை பெரும்பாலும் கோடையில மணியை மாத்துற நாடுகளுக்கு, இலங்கைக்கு அந்தக் கரைச்சல் இல்ல.

கடைசியா தமிழ். தமிழ் டைப் செய்ய ஐபஸ்-எம்17என் இன்ஸ்டோல் செய்து லொக் அவுட் ஆகி வந்தா, கீபோர்ட் பட்டியலில தமிழ்99, பொனெட்டிக், நம்மட ரெங்கநாதன் மூண்டும் வரும். லொக் அவுட் ஆகாமத் தேடினா காணக் கிடைக்காது. பழைய கடிதங்களைத் திறக்கக்குள்ள மட்டக்களப்பு இருக்க வேண்டிய இடத்தில கே, எல், செமிகோலன், எல் எண்டு வந்தா ஃபைல் பழுதில்ல. அது பாமினி எண்ட பழைய ஃபொன்டில அடிச்சது. பாமினி ஃபொன்ட் ஃபைலை உங்கட ஹோமுக்குள்ள புள்ளி லோக்கல், ஷெயார், ஃபொன்ட்ஸ் ஃபோல்டரில போட்டு, எஃப்சீ-கெஷ் ஒரு கோடு எஃப் அடிச்சிட்டு, லிப்ரே ஒஃபிஸை மூடித் திறங்க, வாசிக்கலாம். அதுக்குள்ள தேட வேணும், இன்னொருத்தருக்கு அனுப்ப வேணுமெண்டா யூனிகோடுக்கு மாத்துங்க. ஒரு பக்கத்தை மாத்திப் பாத்து, ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு சரியா விழுந்திருக்கா எண்டு பாத்த பிறகு மத்ததுகளைத் தொடுங்க.