ஊருக்குள் ராணுவம்: யார் கூப்பிடலாம், எப்படி வர வேண்டும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தேர்தல் தேதி அறிவித்துச் சில நாள்தான் ஆகியிருக்கும். நம் ஊர்க் கடைத்தெருவில் புள்ளி போட்ட உடுப்பும் துப்பாக்கியுமாக ஓர் அணி வரிசையாக நடந்து போகும். டீக்கடையில் நிற்பவர்கள் "மிலிட்டரி இறங்கியாச்சு" என்பார்கள். நான் ராணுவத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் என்னிடம் வந்து "இது எந்த ரெஜிமென்ட் சார்?" என்று கேட்பவர்களும் உண்டு. அது எந்த ரெஜிமென்ட்டும் இல்லை. அங்கே நடந்து போவது சி.ஆர்.பி.எஃப். ஆக இருக்கும், அல்லது எல்லையிலிருந்து வந்த பி.எஸ்.எஃப்., அல்லது விமான நிலைய வாசலில் நம் டிக்கெட்டைப் பார்க்கிறார்களே, அந்த சி.ஐ.எஸ்.எஃப். பத்திரிகைகளில் துணை ராணுவம் என்று போட்டாலும் இவர்கள் போலீஸ்தான். மத்திய அரசின் போலீஸ். உள்துறை அமைச்சகத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். ராணுவம், கடற்படை, விமானப்படை மூன்றும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருபவை.

இது வெறும் ஆபீஸ் விவகாரம்தானே என்று தோன்றலாம். தெருவில் கல் பறக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். சி.ஆர்.பி.எஃப். 1939-இல் வேறொரு பெயரில், மத்தியப் பிரதேசத்து நீமுச்சில் தொடங்கிய படை. அதன் தலைவர் ஒரு ஐ.பி.எஸ். அதிகாரி. கூட்டத்தைக் கலைக்கவென்றே 1992-இல் அதற்குள் அதிரடிப் படை என்று நீல உடுப்புக்காரர்களைத் தனியாக உருவாக்கினார்கள். அதில் ஒரு பட்டாலியன் நம் கோயம்புத்தூர் வெள்ளலூரில் இருக்கிறது. அவர்கள் வண்டியில் லத்தி இருக்கும், கேடயம் இருக்கும், கண்ணீர்ப் புகைக் குண்டு இருக்கும். ராணுவ ஜவான் வளர்ந்த விதம் வேறு. எதிரே இருப்பவன் எதிரி, அவனை வீழ்த்த வேண்டும் என்றே அவனைப் பழக்குகிறோம். வாய்க்கும் தோட்டாவுக்கும் நடுவில் அவன் கையில் ஒன்றுமே கிடையாது. அவனை ஊருக்குள் கொண்டுவந்து நிறுத்துவதே பாதி வேலை முடிந்த மாதிரி, ஏனென்றால் அவன் சுட்டால் எப்படிச் சுடுவான் என்று கூட்டத்துக்குத் தெரியும். அதே காரணத்தால்தான் அவனை அடிக்கடி கொண்டுவந்து நிறுத்தக் கூடாது.

2016 பிப்ரவரியில் ஹரியானாவில் ஜாட் இட ஒதுக்கீட்டுக் கலவரம். ரோத்தக் நகரைச் சுற்றிச் சாலைகளை வெட்டி, மரங்களைப் போட்டு மறித்துவிட்டார்கள். ராணுவமே ஹெலிகாப்டரில் போய் இறங்க வேண்டிய நிலை. இறங்கிக் கொடி அணிவகுப்பு நடத்தினால், கூட்டம் அசையவில்லை. போலீஸும் மத்தியப் படைகளும் ஏறக்குறைய அதே புள்ளி உடுப்பில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால், வந்திருப்பது யார் என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் ராணுவ வீரர்கள், 'ராணுவம்' என்று எழுதிய அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். இந்தியத் தரைப்படை தன்னை யாரென்று சொல்லிக்கொள்ள ஓர் அட்டையைத் தூக்க வேண்டியிருந்தது! அதற்குப் பிறகு, எங்கள் மாதிரி உடுப்பைப் போடாதீர்கள் என்று மற்றப் படைகளிடம் ராணுவம் கேட்டுக்கொண்டது. 2022 ராணுவ தினத்தில் புது உடுப்பு வந்தது; அந்த வடிவத்தைத் தன் பெயரில் பதிவும் செய்துவிட்டது. உடுப்பு விஷயத்தில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று சிரித்தவர்கள் ரோத்தக்கை மறந்துவிட்டார்கள்.

சரி, ராணுவத்தை யார் கூப்பிடலாம்? பொது ஒழுங்கு மாநில அரசின் பொறுப்பு என்று அரசியல் சாசனம் பிரித்துக் கொடுத்திருக்கிறது. முதலில் உள்ளூர் ஸ்டேஷன், பிறகு மாவட்ட ஆயுதப்படைப் போலீஸ், பிறகு நம் தமிழ்நாடு சிறப்புக் காவல் பட்டாலியன்கள், அதற்கும் மேல் மத்தியப் படைகள். எல்லாம் கைமீறினால்தான் ராணுவம். இந்த ஏற்பாடு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 130-ஆவது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 149-ஆவது பிரிவு. கூட்டத்தை வேறு வழியில் கலைக்க முடியவில்லை என்றால், அந்த இடத்தில் இருக்கும் கலெக்டரோ, அவர் அதிகாரம் கொடுத்த நிர்வாக மாஜிஸ்திரேட்டோ படையைக் கொண்டு கலைக்கச் சொல்லலாம். கவனியுங்கள், அந்த இடத்தில் இருக்க வேண்டும். கோட்டையில் உட்கார்ந்துகொண்டு போனில் சொல்ல முடியாது. நம் பக்கம் சொன்னால் தாசில்தாரோ ஆர்.டி.ஓ.வோ தெருவில் வந்து நிற்க வேண்டும்.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. கலைக்க வேண்டுமா என்று முடிவு செய்பவர் மாஜிஸ்திரேட். எப்படிக் கலைப்பது என்பது படை அதிகாரியின் பொறுப்பு. ஆனால் முடிந்தவரை குறைந்த பலம், முடிந்தவரை குறைந்த சேதம் என்று சட்டம் அவர் கையைக் கட்டுகிறது. மாஜிஸ்திரேட்டைத் தொடர்புகொள்ளவே வழியில்லை, பொதுப் பாதுகாப்புக்கு வெளிப்படையாக ஆபத்து என்றால் மட்டும் அதிகாரி தானாக இறங்கலாம். நடுவில் மாஜிஸ்திரேட் கிடைத்துவிட்டால் உடனே அவர் சொல்படி கேட்க வேண்டும். ஆணையை எழுத்தில் வாங்கு, நேரத்தைக் குறித்துக்கொள் என்று இளம் அதிகாரிகளின் மண்டையில் ஏற்றுவார்கள்.

பயிற்சியில் இதை நாடகம் மாதிரியே நடத்துவோம். பாதிப் பேர் கலகக்காரர்கள், மண்ணாங்கட்டியை எறிவார்கள். மீதிப் பேர் படை. ஒருவர் பியூகிள் ஊதுவார். இருவர் பேனரைப் பிரிப்பார்கள். கலைந்து போகாவிட்டால் சுடுவோம் என்று உள்ளூர் மொழியில் எழுதியிருக்கும். ஒருவர் படம் எடுப்பார், ஒருவர் டைரி எழுதுவார். எங்கள் தடவை மாஜிஸ்திரேட் வேஷம் போட்டவர் பேனா கொண்டுவர மறந்துவிட்டார். கையெழுத்து இல்லாமல் நகர மாட்டேன் என்று கம்பெனி கமாண்டராக நின்றவர் அடம்பிடிக்க, மண்ணாங்கட்டி மழையில் நனைந்துகொண்டு எல்லாரும் பேனா தேடினோம். எங்களைக் கவனித்துக்கொண்டிருந்த மேஜர் திட்டவில்லை. சரியாகத்தான் செய்தீர்கள் என்றார். வானத்தை நோக்கிச் சுடக் கூடாது, சுட்டால் குறிப்பிட்ட ஆளை இடுப்புக்குக் கீழே. சுட்டு முடித்ததும் காலித் தோட்டாக்களை எண்ணிப் பொறுக்கு, காயம்பட்டவனைத் தூக்கு. இந்த வரிசை இன்றைக்கும் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

இத்தனை சடங்கும் எதற்கு என்று கேட்டால் அமிர்தசரசில் போய் நிற்போம். 1919 ஏப்ரலில் அந்த ஊரின் துணை ஆணையர், நம் கலெக்டர் மாதிரி, ஊரை ராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். 13-ஆம் தேதி ஜாலியன்வாலா பாக்கில் ஜெனரல் டயர் நுழைந்தபோது பக்கத்தில் மாஜிஸ்திரேட் இல்லை. எச்சரிக்கை இல்லை. பத்து நிமிடம் போல, 1,650 ரவுண்டு. அரசுக் கணக்கிலேயே 379 பேர் செத்தார்கள். இயந்திரத் துப்பாக்கி பொருத்திய கவச வண்டிகளை வெளியே விட்டுவிட்டு வந்ததற்குக் காரணம், சந்து குறுகலாக இருந்து வண்டி நுழையாததுதான். பதினோரு வருடம் கழித்து, 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரில் கட்வால் ரைஃபிள்ஸ் ஆட்களைச் சுடச் சொன்னார்கள். சந்திர சிங் கட்வாலியும் அவர் கூட இருந்தவர்களும் நிராயுதபாணிகளைச் சுட மறுத்து, கோர்ட் மார்ஷலாகிச் சிறைக்குப் போனார்கள். தளபதி அத்துமீறுவது ஒரு ஆபத்து. சிப்பாய் கீழ்ப்படியாமல் போவது இன்னொரு ஆபத்து. சொந்த ஜனங்களுக்கு எதிரே படையை நிறுத்தும்போது இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

மாஜிஸ்திரேட் பற்றிச் சொன்னேனே, அந்தச் சட்டத்தில் இன்னொரு வரி இருக்கிறது. பலர் படிக்காமல் தாண்டிவிடுவார்கள். 'ஆயுதப் படை' என்றால் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றையும் குறிக்கும், ஆனால் அவை தரைப்படையாகச் செயல்படும்போது என்கிறது. அதாவது கடற்படை மாலுமியும் விமானப்படை வீரரும் ஊருக்குள் ஒழுங்கைக் காக்க வந்தால் காலால் நடந்து, மாஜிஸ்திரேட் பக்கத்தில் நின்றுதான் வர வேண்டும். கப்பலிலிருந்தும் விமானத்திலிருந்தும் கூட்டத்தைக் கலைப்பது பற்றி அந்தப் பிரிவில் பேச்சே இல்லை.

அப்படி நடக்கவே இல்லையா என்றால், நடந்திருக்கிறது. 1966 மார்ச் 5 அன்று, மிசோ தேசிய முன்னணியின் கிளர்ச்சி வெடித்த சில நாளில், இன்றைய மிசோரத்தின் தலைநகரான ஐஜால் நகரத்தின் மேல் நம் விமானப்படையின் தூஃபானி, ஹண்டர் விமானங்கள் தாக்கின. அசாம் ரைஃபிள்ஸ் முகாமைக் கிளர்ச்சியாளர்கள் முற்றுகையிட்டிருந்தார்கள் என்பது உண்மை. வீடுகள் எரிந்தன, ஜனங்கள் காட்டுக்குள் ஓடினார்கள் என்பதும் உண்மை. மேலிருந்து பார்க்கும் விமானிக்கு யார் கிளர்ச்சியாளர், யார் காய்கறி விற்பவர் என்று எப்படித் தெரியும்? சொந்த நாட்டு ஊரின் மேல் விமானப்படை தாக்கியது, வெளியே தெரிந்தவரை, அந்தக் கிளர்ச்சியில்தான்.

கடலில் நிலைமை இன்னும் குழப்பம். நம் மீனவர் ஒருவர் பாக் நீரிணைக்குள் போனால் கடற்படை, கடலோரக் காவல் படை, மாநிலக் கடலோரப் போலீஸ் என்று மூன்று விதமான இந்தியப் படகுகளைப் பார்ப்பார். கடலோரக் காவல் படை 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. படகைச் சோதிப்பதும் கடலில் தத்தளிப்பவரைத் தூக்குவதும் அதன் அன்றாட வேலை. கடற்படையின் தொழில் போர். 2022 அக்டோபர் 21 அன்று ஐ.என்.எஸ். பங்காரம் என்ற கடற்படைக் கப்பல், எச்சரித்தும் நிற்காத சந்தேகப் படகு என்று சுட்டது நம் மீனவர்கள் இருந்த படகை. ஒருவருக்குப் பலத்த காயம். தமிழகப் போலீஸ் கடற்படையினர் மேல் வழக்குப் பதிந்தது. இலங்கைக் கடற்படைதான் சுடும் என்று பழகிப்போன கரையில், அன்றைக்குச் சுட்டது நம் கப்பல் என்றதும் எழுந்த கோபத்தை நான் புரிந்துகொள்கிறேன்.

வெள்ளம், புயல் வந்தால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது அரக்கோணத்துக் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானம் ஓடியது. 2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கியவர்களுக்கு ஹெலிகாப்டர் சாப்பாடு போட்டது. படகும் கயிறும் சமையல் அண்டாவும் கொண்டு வரும் படையைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

சிக்கல் முழுக்க இருப்பது, மாஜிஸ்திரேட்டை நடுவிலிருந்து எடுத்துவிடும்போது. 1958-ஆம் ஆண்டின் ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம் அதைத்தான் செய்கிறது. ஒரு பகுதியைப் 'பதற்றப் பகுதி' என்று அறிவித்துவிட்டால், அங்கே உரிய எச்சரிக்கை கொடுத்துவிட்டு, உயிர் போகும் அளவுக்குச் சுட ஒரு ஹவில்தாருக்கே அதிகாரம் உண்டு. அந்தப் படைவீரர் மேல் வழக்கு நடத்த மத்திய அரசு அனுமதிக்க வேண்டும். ராணுவத்தில் என் நண்பர்கள் பலர் இந்தச் சட்டம் இல்லாமல் அங்கே வேலை செய்யவே முடியாது என்பார்கள். பதுங்கித் தாக்குகிறவனைத் தேடிப் போகும்போது தாசில்தாரைத் தேட முடியாது என்பது நியாயம்தான். ஆனால் ஒரு வாரத்துக்கு வந்த படை பல பத்து ஆண்டு தங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஓட்டிங் கிராமம் இருக்கிறது. 2021 டிசம்பர் 4, நாகாலாந்தின் மோன் மாவட்டம். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை முடித்து ஒரு பிக்கப் வண்டியில் வீடு திரும்பிய தொழிலாளர்களைத் தீவிரவாதிகள் என்று நினைத்து ராணுவத்தின் சிறப்புப் படை சுட்டது. ஆறு பேர் செத்தார்கள். உடலைப் பார்த்த ஊர் ஜனங்கள் பாய்ந்தார்கள். மறுபடி துப்பாக்கிச் சூடு. இன்னும் ஏழு பேர், ஒரு ராணுவ வீரரும். மறுநாள் மோன் நகரத்தில் இன்னொருவர். மாநிலப் போலீஸ் 30 படைவீரர்கள் மேல் குற்றப்பத்திரிகை போட்டது. மத்திய அரசு அனுமதி தரவில்லை. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை முடித்துவைத்தது. இடையில், 2022 ஏப்ரல் முதல் வடகிழக்கின் பல பகுதிகளில் அந்தச் சட்டத்தை விலக்கிக்கொண்டார்கள் என்பது கொஞ்சம் ஆறுதல்.

இதற்கு நேர் எதிரான ஒரு நாளையும் சொல்லிவிடுகிறேன். மணிப்பூரில் 2023 மே மாதம் கலவரம் வெடித்தபின், ஜூன் 24 அன்று இம்பால் கிழக்கு மாவட்டத்தின் இத்தாம் கிராமத்தில் ராணுவம் பன்னிரண்டு ஆயுதக் குழுவினரைப் பிடித்தது. அதில் ஒருவர், 2015-இல் டோக்ரா பட்டாலியன் வண்டிகளைத் தாக்கிப் பதினெட்டு வீரர்களைக் கொன்ற தாக்குதலுக்குத் திட்டம் போட்டவர் என்று தேடப்பட்டவர். பெண்கள் முன்னே நிற்க, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம் படையைச் சூழ்ந்துகொண்டது. படைக்குத் தலைமை தாங்கிய அதிகாரி கையில் இருந்தது துப்பாக்கி மட்டும்தான். சுட்டால் பெண்கள் சாவார்கள். பன்னிரண்டு பேரையும் ஊர்ப் பெரியவரிடம் ஒப்படைத்துவிட்டு, கைப்பற்றிய ஆயுதங்களோடு அவர் கிளம்பிவிட்டார். பிடித்தவனை விட்டுவிட்டு வருவதா என்று பலர் கொதித்தார்கள். தன் தோழர்களைக் கொன்றவனைக் கையில் வைத்துக்கொண்டே அந்த முடிவை எடுப்பது எவ்வளவு கசப்பு என்று எனக்குத் தெரியும். நான் அங்கே இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

கேட்டமைக்கு நன்றி. வணக்கம்.