ஹார்லெமில் ஒரு பாய்ஸ் கம்பெனிப் பையன்

(மதுரையில் நாடகக் கலைஞர்களும் கல்லூரி மாணவர்களும் கலந்திருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

இந்த அரங்கில் இன்று இரண்டு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. முன்வரிசையில் ஸ்பெஷல் நாடகக்காரர்கள். ராஜபார்ட் அண்ணன்கள், ஸ்திரீபார்ட் அக்காக்கள், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒரு செட்டே வந்திருக்கிறது. பின்வரிசைகளில் கல்லூரித் தம்பி தங்கைகள். முன்னால் இருப்பவர்களுக்கு டூபாக் ஷகூர் யாரென்று தெரியாது. பின்னால் இருப்பவர்களுக்கு நாடக வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகளைச் சிலையாகத்தான் தெரியும். இரண்டு பேரையும் ஒரே மேடையில் ஏற்றிப் பார்க்கப்போகிறேன். யாருக்காவது கோபம் வந்தால் கடைசியில் சொல்லுங்கள்.

டூபாக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகத் துப்பாக்கியில் ஆரம்பிப்பார்கள். 25 வயதில் சுட்டுக் கொல்லப்பட்ட ராப்பர், வயிற்றில் ‘தக் லைஃப்’ என்று பச்சை குத்திக்கொண்டவர், சிறைக்குப் போனவர். எல்லாம் உண்மைதான். நான் நாடகத்தில் ஆரம்பிக்கிறேன். அவர் ஆரம்பித்தது அங்கேதான்.

1984, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி. ஜெஸ்ஸி ஜாக்சன் அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளராக முயன்றுகொண்டிருந்த வருஷம். அவருக்கு நிதி திரட்ட, புகழ்பெற்ற அப்போலோ தியேட்டரில் ஒரு நாடகம் போடுகிறார்கள். லொரெய்ன் ஹான்ஸ்பெரி எழுதிய ‘எ ரெய்சின் இன் த சன்’. நெருக்கடியான ஒரு வாடகை வீட்டில் மூன்று தலைமுறை வாழும் கதை. அந்த வீட்டுப் பையன் டிராவிஸுக்குத் தனி அறை கிடையாது, கூடத்தில்தான் படுக்கை. நாடகம் தொடங்கும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். ‘127ஆம் தெரு’ நாடகக் குழுவில் சேர்ந்திருந்த டூபாக்குக்கு அந்த வேடம். பன்னிரண்டு, பதின்மூன்று வயது. திரை விலகினதும் அவர் செய்யவேண்டிய முதல் வேலை தூங்குவது. அத்தனை கண்கள் பார்க்கும்போது அசையாமல் படுத்திருப்பது எவ்வளவு சிரமம் என்று முன்வரிசைக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அந்தப் பையனின் வீடும் அப்படித்தான். அம்மா அஃபெனி ஷகூர், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் இயக்கத்துக்காரர். குண்டு வைக்கச் சதி செய்ததாக வழக்குப் போட்டு உள்ளே தள்ளினார்கள். வக்கீல் வேண்டாம் என்று அவரே வாதாடினார், வயிற்றில் பிள்ளையோடு. 1971 மே மாதம் விடுதலையானார். ஜூன் 16இல் பையன் பிறந்தான். பெரு நாட்டில் ஸ்பானியர்களை எதிர்த்துக் கலகம் செய்து 1781இல் கொல்லப்பட்ட டூபாக் அமாருவின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார். கோர்ட்டில் நின்று ஜூரிகளைத் தன் பக்கம் திருப்பிய அம்மாவுக்குப் பிறந்தவன் பேச்சில் கெட்டிக்காரனாக இருந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் பேச்சு சோறு போடவில்லை. அடிக்கடி வீடு மாறினார்கள், வறுமை, அப்புறம் அம்மாவுக்குப் போதைப் பழக்கம்.

இந்தக் கதை மதுரைக்குப் புதிதா? 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் இதே ஊரில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினாரே, அதில் சேர்ந்த பிள்ளைகள் யார்? பின்னாளில் நாடகத்தில் பேர் வாங்கிய டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பிள்ளைகளாக அதில்தான் நுழைந்தார்கள். பின்னால் எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்ற சிறுவர் நாடகக் குழுவில் சேர்ந்தது கலை ஆர்வத்தாலா, பசியாலா என்று கேட்டால் ‘இரண்டாலும்’ என்றுதான் பதில். கம்பெனியில் பையனுக்கு மூன்று வேளைச் சோறு கிடைக்கும். கூடவே பாட்டு, வசனம், நடை, மேடையில் எங்கே நிற்பது, கடைசி வரிசைக்குக் குரல் எப்படிப் போய்ச் சேரும் எல்லாம் கிடைக்கும். நடிப்பு வேறு, பாட்டு வேறு என்று அங்கே யாரும் பிரித்துச் சொல்லித்தரவில்லை. மேடையில் பாடி நடித்த கிட்டப்பாவை நடிகர் என்பீர்களா, பாடகர் என்பீர்களா?

டூபாக்குக்கும் ஒரு கம்பெனி கிடைத்தது. பால்டிமோர் நகரத்தின் கலைப் பள்ளி. நடிப்பு, கவிதை, ஜாஸ் எல்லாம் அங்கே படித்தார். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தார். பாலே ஆடினார். ‘நட்கிராக்கர்’ பாலேயில் எலி ராஜா வேடம் கட்டினார். பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சிரியுங்கள். உங்கள் போன் வால்பேப்பரில் தலையில் துணி கட்டிக்கொண்டு முறைக்கிறாரே, அதே ஆள்தான். அந்த நாட்களிலேயே ‘எம்சி நியூயார்க்’ என்ற பெயரில் ராப்பும் பாடிக்கொண்டிருந்தார். ஆக, நடிப்பை விட்டுவிட்டு ராப்புக்குத் தாவினார் என்பதே சரியில்லை. என் கட்சி இதுதான்: அவர் கடைசிவரை நடிகர். மேடையில் கற்றதை மைக்கின் முன்னால் செய்தார்.

பள்ளிப் படிப்பை முடிக்க விடவில்லை. 1988இல் குடும்பம் கலிபோர்னியாவின் மரின் சிட்டிக்குப் போய்விட்டது. அங்கே ‘டிஜிட்டல் அண்டர்கிரவுண்ட்’ என்ற குழுவில் சேர்ந்தார். பாட இல்லை. பெட்டி தூக்கவும், பின்னால் நின்று ஆடவும். நம்ம ஊர் செட்டில் எடுபிடியாகச் சேர்ந்த பையன் ஒருநாள் ராஜபார்ட் ஆவதில்லையா, அந்தக் கணக்கு. 1991 தொடக்கத்தில் அவர்கள் பாட்டு ஒன்றில் அவருக்கும் கொஞ்சம் இடம் கொடுத்தார்கள். அதே வருஷக் கடைசியில் சொந்த ஆல்பம் வந்துவிட்டது.

அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேசுகிறேன். ‘பிரெண்டாஸ் காட் எ பேபி’. பன்னிரண்டு வயதுச் சிறுமி சொந்தக்காரப் பையனால் கர்ப்பமாகி, பெற்ற குழந்தையைக் குப்பையில் போட்ட செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு எழுதியது. அப்போது அவர் ஒரு சினிமாப் படப்பிடிப்பில் இருந்தார். சாதாரண ராப் பாட்டில் ஒரு கட்டு, ஒரு பல்லவி, மறுபடி ஒரு கட்டு என்று வரும். இதில் அப்படி இல்லை. ஒரே நீளக் கதை, நடுவில் மூச்சு விட இடமில்லை. முன்வரிசைப் பெரியவர்களுக்கு இந்த நேரம் ஒன்று ஞாபகம் வந்திருக்கும். ஆமாம், கொலைச்சிந்து. பேப்பரில் வந்த கொலையை, விபத்தைப் பாட்டாகக் கட்டி, மட்டக் காகிதத்தில் அச்சடித்து, சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்றார்களே, அதே வேலைதான். ஆனால் நம் சிந்துக்காரர்கள் பெரும்பாலும் ‘பாருங்கள் மக்களே’ என்று வெளியே நின்று பாடுவார்கள். டூபாக் ஒவ்வொரு ஆளின் பக்கத்திலும் போய் நிற்கிறார். அந்தப் பிள்ளையைத் திட்டுகிற வீட்டுக்காரர்களின் குரல் வருகிறது, பிள்ளையின் தவிப்பு வருகிறது. ஒரே தொண்டை, ஆள் மட்டும் மாறுகிறது. இது நடிகனுடைய வேலை. சந்தத்தை மட்டும் கற்றவனுக்கு இது வராது.

இன்னொன்று, குரல். அவர் பாடியதையே மறுபடி பாடிப் பதிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். உற்றுக் கேட்டால் கனமான வார்த்தைகளில் குரல் தடிப்பது தெரியும். நம் மேடையில் ராஜபார்ட் உச்சத்துக்குப் போகும்போது ஆர்மோனியக்காரர் பின்பாட்டில் வந்து தாங்குகிறாரே, அந்த வேலையைத் தனக்குத் தானே செய்துகொண்டார்.

பின்வரிசைத் தம்பிகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். ‘ராப் பேட்டில்’ என்று போனில் ராத்திரி முழுக்கப் பார்க்கிறீர்கள். வள்ளி திருமணத்தில் நாரதர் தர்க்கம் பார்த்திருக்கிறீர்களா? ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. நாரதரும் வள்ளியும் வேறு வேறு ஊரிலிருந்து வந்து அன்றைக்கு ராத்திரிதான் சந்திப்பார்கள். வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடிக்கொண்டிருப்பாள். நாரதர் வந்து ‘தனியாக நிற்கிறாயே, யாரம்மா நீ’ என்று ஒரு நூலை விடுவார். அந்த அம்மா அதே மெட்டைப் பிடித்துத் திருப்பிக் கொடுப்பார். பாட்டு, விருத்தம், வசனம், மறுபடி பாட்டு என்று ஏறிக்கொண்டே போகும். சொந்தச் சரக்கும் இருக்கும், அந்த நேரத்தில் கட்டியதும் இருக்கும், எது எது என்று கண்டுபிடிக்க முடியாது. மாட்டிக்கொண்ட ஆளை ஊர் விடாது. விடிய விடிய இது நடக்கிறது, உங்கள் ஊர்த் திருவிழாவிலேயே. நீங்கள்தான் கரகாட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள்.

சரி, சினிமாவுக்கு வருவோம். மேலே சொன்ன படப்பிடிப்பு ‘ஜூஸ்’ என்ற படத்துக்கு. அதில் அவர் நுழைந்ததே ஒரு கூத்து. நடிகர் தேர்வுக்குப் போனது குழுவில் இருந்த நண்பர். இவர் துணைக்குப் போனவர். ‘நானும் ஒரு தடவை படித்துக் காட்டவா’ என்று கேட்டார். முக்கியமான வேடமே இவருக்கு வந்துவிட்டது. பிஷப் என்ற பையன், துப்பாக்கியைக் கையில் எடுத்தபின் கீழே வைக்க முடியாதவன். 1992இல் படம் வந்தது. அதன்பிறகு டூபாக் அந்த வேடத்தைக் கலைக்கவே இல்லை, வீதியிலும் பிஷப்பாகவே திரிந்தார் என்று ஒரு பேச்சு அப்போதிலிருந்து இருக்கிறது.

இங்கேதான் சுவாமிகள் வருகிறார். இளமையில் அவர் நடிகர். எமன், சனீஸ்வரன் வேடங்களில் கொடிகட்டிப் பறந்தவர். அவருடைய எமனைப் பார்த்துக் கூட்டத்தில் இருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது, விடியற்காலையில் வேடம் கலைக்கக் குளத்துக்குப் போனவரைக் கண்டு ஒரு சலவைக்காரப் பெண் பயத்தில் உயிரை விட்டாள் என்று நாடக உலகத்தில் சொல்வார்கள். அதோடு அவர் வேடம் கட்டுவதை நிறுத்தி, வாத்தியார் ஆனார். நடந்தது எத்தனை, கூட்டிச் சொன்னது எத்தனை, அதற்குள் நான் போகவில்லை. வேடம் மேடையை விட்டு இறங்கினால் ஆபத்து என்று நம் ஆட்கள் எப்போதோ யோசித்திருக்கிறார்கள். எனக்கு அது போதும்.

ஆனால் ‘பிஷப் பிடித்துக்கொண்டான்’ என்ற விளக்கத்தை நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். அது ரொம்ப வசதியான விளக்கம். அடுத்த வருஷமே இன்னொரு படத்தில் ஒரு தபால்காரராக, ஒரு குழந்தைக்கு அப்பாவாக நடித்தார். அந்தத் தபால்காரர் ஏன் யாரையும் பிடிக்கவில்லை? ‘தக்’, அதாவது ரவுடி வேடத்துக்குத்தான் கூலி கிடைத்தது. பாட்டுக் கம்பெனிக்கு அது வேண்டியிருந்தது, பத்திரிகைக்கு வேண்டியிருந்தது, திட்டுகிற அரசியல்வாதிக்கும் வேண்டியிருந்தது. 1992இல் துணை ஜனாதிபதியாக இருந்த டான் குவேல், இந்த ஆல்பத்துக்கு நம் சமூகத்தில் இடமில்லை என்று பேசினார். பிரெண்டாவின் கதை அந்த ஆல்பத்தில்தான் இருந்தது. அவர் கேட்டிருப்பாரா என்பது என் சந்தேகம்.

இதைச் சொல்வதால் அவரை நான் உத்தமராக்கவில்லை. ஒரு பெண் கொடுத்த பாலியல் புகாரில் 1994 டிசம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பானது. 1995இல் சிறைக்குப் போனார். நடிகன், வேடம் என்றெல்லாம் பேசி அந்தப் பெண்ணின் வலியை மூடிவிட முடியாது. பெண்களின் கஷ்டத்தைப் பாடிய அதே ஆள்தான் அந்த வழக்கிலும் நின்றவர். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும்.

அவர் உள்ளே இருக்கும்போதே மூன்றாவது ஆல்பம் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதில் ‘டியர் மாமா’. நாமும் நூற்றுக்கணக்கில் அம்மா பாட்டுக் கேட்டிருக்கிறோம். நம் பாட்டில் அம்மா கோயில், தெய்வம், தியாகம். இதில் அம்மாவின் போதைப் பழக்கம் இருக்கிறது, வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட கோபம் இருக்கிறது, அரசு உதவிப் பணத்தில் குடும்பம் நடத்திய கணக்கு இருக்கிறது, அதற்குப் பிறகுதான் நன்றி. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கவேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் 2010இல் அதைச் சேர்த்தார்கள்.

மிச்சத்தை நீங்களே அறிவீர்கள். ‘டெத் ரோ’ என்ற பாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஏற்பாட்டில் 14 லட்சம் டாலர் ஜாமீன், வெளியே வந்ததும் இரட்டை ஆல்பம், 1996 செப்டம்பர் 7இல் லாஸ் வேகாஸில் குத்துச்சண்டை பார்த்துவிட்டுத் திரும்பும்போது துப்பாக்கிச் சூடு, ஆறு நாள் கழித்து மரணம். அவர் நடித்து முடித்திருந்த இரண்டு படங்கள் 1997இல் வந்தன. 2012இல் கோச்செல்லா இசை விழா மேடையில் ஒளி உருவமாக அவரை நிறுத்திப் பாடவும் வைத்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. நடிகனிடம் கேட்காமல் வேடம் கட்டிவிட்ட மாதிரி இருந்தது.

நம் பக்கம் இப்போது பாதை தலைகீழாக ஓடுகிறது. ஹிப்ஹாப் தமிழா ஆதி ராப்பில் பேர் வாங்கி 2017இல் கதாநாயகன் ஆனார். நல்லதுதான். ஆனால் நாடகத்திலிருந்து ராப்புக்கு வர மதுரையைவிட வசதியான ஊர் எது? இந்த முன்வரிசையிடம் குரல் இருக்கிறது, சமயோசிதம் இருக்கிறது, நூறு வருஷத்துத் தர்க்கம் இருக்கிறது. பின்வரிசையிடம் பீட் இருக்கிறது, மைக் இருக்கிறது, பார்க்கிற கூட்டமும் இருக்கிறது. பங்குனி, சித்திரை சீசன் வந்தால் ஒரு ராத்திரி முழுசாக உட்கார்ந்து தர்க்கம் கேளுங்கள். பிடித்தால் பக்கத்தில் போய், ‘அண்ணே, சொல்லிக்கொடுங்க’ என்று கேளுங்கள். கேட்டால் இவர்கள் இல்லையென்று சொல்லமாட்டார்கள்.

மைக்கை முன்வரிசைக்குக் கொடுங்கள். ஆர்மோனிய அண்ணன் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். அந்தப் பையன் எத்தனை கட்டையில் பாடினான் என்று கேட்கப்போகிறார் என்று நினைக்கிறேன். கேளுங்கண்ணே.